மூன்று பூச்சு வார்னிஷ்

பொலோஞ்ஞா
3 பிப்ரவரி 1994

அன்புள்ள செவெரீனோ,

நலம். உன் நலமும் பசுக்களின் நலமும் அறிய ஆவல். போனில் நீ "ம்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சேர்ந்திருப்பது மரச்சாமான் கடை. சாமான்களுக்குச் சீட்டு எழுதிக் கட்டுவது என் வேலை. எல்லாச் சீட்டிலும் ஒரே சொல்தான். நமக்கு "ருஸ்திகோ", பிரெஞ்சுக்காரர்களுக்கு "ருஸ்தீக்", ஜெர்மானியர்களுக்கு "ருஸ்திகால்", ருமேனியர்களுக்கு "ருஸ்திக்". லத்தீனில் பிறந்த சொல், நாட்டுப்புறத்து வாழ்க்கை என்று அர்த்தம் என்பார் முதலாளி ஃபாப்ரி. போன அக்டோபரில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, சுத்தப் பட்டிக்காட்டான் என்ற பொருளில் உன் முகத்துக்கு நேரே நான் வீசிய அதே சொல். இங்கே அதைச் சொல்லித்தான் வியாபாரம் நடக்கிறது. சிரிக்காதே.

ஒரு உதவி வேண்டும். தொழுவத்தில் கோழித்தீவனம் போட்டு வைத்திருக்கிறாயே, ரொட்டிமாவு பிசைகிற பழைய மரப்பெட்டி, அது வேண்டும். மியூனிக்கிலிருந்து ஒரு அம்மாள் அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறாள். வாங்கிக் கொடுத்தால் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்கிறார். பிறகு இங்கேயே சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொள்வேன். ஒளிக்காமல் எழுதிவிட்டேன். இருபத்தாறாம் தேதி வண்டி வரும்.

நோர்மா

*

பியான் தெல் நோச்சே
9 பிப்ரவரி 1994

நோர்மாவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே முழங்கால் வரை பனி. சாம்பல் பசு கன்று போட்டது, கிடாரி.

பெட்டியைத் தருகிறேன். அந்த ஊரில் யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்காதபடி அனுப்பி வைப்பேன். கவலைப்படாதே.

பக்கத்துப் பண்ணை தெல்மோவிடம் சொன்னேன். "பெட்டி போச்சுன்னா அவளும் போயிட்டான்னு அர்த்தம்டா மடையா! எலி தின்னுடுச்சுன்னு எழுதிப்போடு" என்றான். நான் அப்படி எழுதவில்லை.

செவெரீனோ

*

பொலோஞ்ஞா
27 பிப்ரவரி 1994

செவெரீனோ,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்!

நேற்று வண்டி வந்தது. முதலாளி, மியூனிக் அம்மாள், பட்டறை ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். போர்வையை எடுத்ததும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கத்தி வெட்டிய தழும்பெல்லாம் இழைத்துத் தள்ளியிருக்கிறாய். பூச்சி அரித்த துளை ஒவ்வொன்றிலும் தேன்மெழுகு. புதுப் பித்தளைக் கீல். மேலே வார்னிஷ், அதுவும் மூன்று பூச்சு. அந்த அம்மாள் அதில் தன் முகத்தைப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, காரில் ஏறிப் போய்விட்டாள்.

இவர்களுக்கு வேண்டியது அந்தத் தழும்பும் துளையும்தான். இங்கே பட்டறையில் புது மேசையைச் சங்கிலியால் அடித்துப் பழசாக்குகிறார்கள், துளைபோட்டுப் பூச்சி அரித்தது என்கிறார்கள். உனக்கு அது எப்படித் தெரியும்? "அப்படியே அனுப்பு" என்று நான் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

"எந்தப் பட்டிக்காட்டான்யா இத இப்பிடி நாசம் பண்ணினது?" என்று கத்தினார் முதலாளி.

"என் புருஷன்" என்றேன்.

"சரி, சரி. பட்டறைக்கு இழுத்துட்டுப் போங்க. வார்னிஷ சுரண்டிட்டு, சங்கிலியால நாலு சாத்து சாத்துங்க. பழசாயிடும்" என்றார்.

ஒரு ஆள் சங்கிலியோடு வந்தான். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, போய் அந்தப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "எழுந்திரும்மா" என்றார்கள். எழவில்லை. கடை மூடும்வரை அங்கேயே உட்கார்ந்து சீட்டு எழுதினேன்.

சமையலறைக் கதவின் கீலை மாற்றச் சொல்லி ஒன்பது வருஷம் கேட்டேன். "நாளைக்கு" என்பாய். நான் போவதற்கென்று தெரிந்தும் இதற்கு மட்டும் எத்தனை நாள் குனிந்து நின்றாய்? எனக்குப் பதில் வேண்டும்.

நோர்மா

*

பியான் தெல் நோச்சே
5 மார்ச் 1994

நோர்மா,

பதினொரு நாள். பகலில் மட்டும்.

உன் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன். முதலாளியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். வேண்டுமானால் நானே வந்து துளைகளை மறுபடி திறந்து தருகிறேன், எது எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அழுக்குப் பெட்டியை அனுப்பினால், நீ எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தாய் என்று பேசுவார்கள் என நினைத்தேன். "அவள அனுப்புறதுக்கா இவ்ளோ பளபளப்பு?" என்று தெல்மோ கேட்டான். "போறவ நல்லபடியா போகட்டும்டா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மனசாரச் சொல்லவில்லை. நீ இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை, நோர்மா. இதை நேரில் சொல்ல எனக்கு வராது.

செவெரீனோ

*

பொலோஞ்ஞா
11 மார்ச் 1994

என் அன்புள்ள செவெரீனோ,

மன்னிப்பெல்லாம் யாரும் கேட்க வேண்டாம். மூன்று நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்த முதலாளி, நேற்று மூடியை நூறு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "இப்பிடி ஒரு கீல் என் பட்டறையில யாருக்கும் வைக்கத் தெரியாது. கொண்டு போ, உன்னோடதுதான்" என்றார். வேலையையும் நிரந்தரமாக்கிவிட்டார். வாரத்தில் நான்கு நாள் வருகிறேன் என்றேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்த நான்கு நாளும் இப்போதுபோலவே இங்கே அக்கா வீட்டில் தங்கிக்கொள்வேன். வீடு பார்க்கப் போவதில்லை.

பெட்டி இனி நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும். கோழித்தீவனத்துக்கு வேறு இடம் பார். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விடமாட்டேன். வியாழன் சாயங்கால பஸ்ஸில் வருவேன், திங்கள் காலை திரும்புவேன், அடுத்த வியாழன் மறுபடி வருவேன். உனக்கு இது சம்மதமா என்று கேட்பதற்காக எழுதவில்லை. நீ எனக்குச் சம்மதம், அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உன்
நோர்மா