அந்த மொபெட்டில் போனது நான்தான்

என்னங்க,

கூப்பிட்டதும் "என்ன புள்ள?" என்று திரும்புவீர்களே, அந்த முகத்துக்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. விவசாயச் சங்கத்து மலரில் உங்கள் படத்தைப் போடுகிறார்களாம். படத்துக்குக் கீழே போட என்னையே ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எட்டாவது படித்தவள்தானே, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நல்லவர், வல்லவர், கொடி பிடித்தவர், ஜெயிலுக்குப் போனவர் என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் யாரோ ஒரு ஆளைப் பற்றி எழுதின மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் உங்கள் படத்துக்கு முன்னால் நிற்கவும் முடியவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் மகள் செல்வி நன்றாக இருக்கிறாள். தையல் படிப்பை முடித்துவிட்டாள். இளைத்துவிட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள், ஆனால் வாய் மட்டும் இளைக்கவில்லை. ஆட்சி மாறிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் கொடியெல்லாம் மாற்றிக் கட்டினார்கள். நம் வாய்க்கால் மட்டும் தூர் வாராமல் அப்படியே கிடக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் மனுவைத் தூக்கிக்கொண்டு வலங்கைமான் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்திருப்பீர்கள், இல்லையா?

காரியம் முடிந்த மறுநாளே மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் நாகசாமி வந்தார். நிலத்துக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவர், உங்களுக்குத் தெரியாதவரா? உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆம்பள இல்லாத வீடாப் போச்சு. குத்தகை நிலத்த ஒப்படைச்சுட்டு நிம்மதியா இரும்மா" என்றார்.

"அவரு உழுத நிலமுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுவாரமே, என் வயலுக்கு வேலைக்குப் போகிற ஆம்பளைகளுக்கு மிராசு வயலில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பாவம், அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். ஒருத்தரும் வரவில்லை. அதோடு விடாமல் தஞ்சாவூர் ரெவின்யூ கோர்ட்டில் மனுவும் போட்டார்கள். குத்தகைக்காரர் குடும்பம் சொந்த உழைப்பில் சாகுபடி செய்தால்தான் உரிமை நிற்கும். இந்த அம்மா வயலில் கால் வைப்பதே இல்லை, ஆகவே நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மனு. எப்படி இருக்கிறது நியாயம்?

சங்கத்துப் பெண்கள் நடவுக்கு வருகிறோம் என்றார்கள். ஆனால் நாற்றங்கால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, வயல் இரண்டு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாற்றுக்கட்டை அங்கே கொண்டு சேர்க்க யார் இருக்கிறார்கள்? அப்போதுதான் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த உங்கள் மொபெட்டைப் பார்த்தேன். "கத்துக்க புள்ள, அவசரத்துக்கு ஆகும்" என்று நீங்கள் சொன்னபோதெல்லாம், "எனக்கென்ன தலையெழுத்தா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான். இப்போது செல்வி பின்னால் பிடித்துக்கொள்ள, களத்தில் விழுந்து எழுந்து, முட்டியெல்லாம் தேய்த்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். வண்டி நேராகப் போகாது. முன்னால் உரமூட்டை, பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட நாற்றுக்கட்டு, அதைப் பிடித்துக்கொண்டு செல்வி. வேகமாகப் போனால் வண்டி ஆடாது, ஆனால் எனக்குப் பயம். மெதுவாகப் போனால் எனக்குப் பயமில்லை, ஆனால் வண்டி ஆடும். இந்தப் பக்கம் சாயும், சரி செய்தால் அந்தப் பக்கம் போகும். பாம்பு போன தடம் மாதிரி ரோடெல்லாம் என் சக்கரத்து ஈரம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்புங்கள். ஆடினதெல்லாம் ரோட்டின் இடது பாதிக்குள்ளேதான். எதிரே வருகிறவன் பாதியில் ஒரு நாளும் சக்கரம் வைக்கவில்லை. டவுன் பஸ்காரர் காது கிழிய ஹாரன் அடிப்பார், அப்புறம் தாராளமாகத் தாண்டிப் போவார். தாண்டும்போது ஜன்னலில் இருக்கிற அத்தனை தலையும் என்னைத்தான் பார்க்கும். அதுதான் தாங்க முடியாது.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் என்னைக் கண்டாலே கேலிதான். "இன்னைக்கும் எட்டுப் போட்டுக்கிட்டுப் போவுதுடா!" என்று கத்துவார்கள். அதையாவது விடலாம். "துக்கத்துல ஊத்திக்கிட்டுப் போவுதோ என்னமோ" என்று ஒருத்தன் சொன்னானாம். உங்கள் தம்பி அதைக் கேட்டுவிட்டு வந்து குதித்தார்.

"அண்ணி, மானத்த வாங்காதீங்க. வண்டிய வித்துருங்க."

"நாத்த நீங்க தூக்கிட்டு வர்றீங்களா தம்பி?" என்று கேட்டேன். மிராசு நிலத்தில் அவருக்கும் கால் பங்கு குத்தகை இருக்கிறதே, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். நான் வாயாடினேனே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் போய் ஆறு மாசம் ஆகவில்லை, குடிகாரி என்று பேர் வாங்கிவிட்டேனே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். அதனால் கண் மறைத்து இன்னும் கொஞ்சம் ஆடியது.

சரி, விசாரணைக்கு வருகிறேன். தஞ்சாவூரில் அந்த ஆபீஸ் ஹாலில் நம் ஊர்க்காரர்களே பாதிப் பேர். அதிகாரி நடுவயசுக்காரர், முகத்தில் ஒன்றும் காட்டாதவர். சங்கத்து வக்கீல் தம்பி என்னிடம், "அக்கா, பயப்படாதீங்க. கேட்டதுக்கு உள்ளது உள்ளபடி சொல்லுங்க, போதும்" என்றார். தலையை ஆட்டினேன்.

நாகசாமி சாட்சி சொல்ல வந்தார். "இந்தம்மா வயலுக்கே வர்றதில்லீங்க" என்றார். உங்களுக்கெப்படித் தெரியும் என்று நம் வக்கீல் கேட்டார்.

"எப்படித் தெரியுமா? தெனம் பாக்குறேனே! விடிஞ்சா போதும், மொபெட்டுல ஏறி ரோட்டுல ஆடி ஆடிப் போவுது. குடிச்சவன் தோத்தான் போங்க. இதா சாகுபடி பண்ணும்?"

சொன்னதோடு நிற்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, உடம்பை அப்படியும் இப்படியும் வளைத்து நடந்து காட்டினார். ஹால் முழுக்கச் சிரிப்பு. டவாலிச் சேவகர் கூடச் சிரித்தார். என் மானம் கப்பலேறியது. தலையைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதிகாரி மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவர் சொல்ற மாதிரி மொபெட்ல போறது நீங்கதானா?"

என்னங்க, நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்லீங்க ஐயா. அது நான் இல்லீங்க. எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுங்க."

வக்கீல் தம்பி முகம் செத்துப்போனது. சங்கத்துப் பெண்கள் சொன்னால் வேண்டியவர்கள் சாட்சி என்று தள்ளிவிடுவார்கள். அந்த மொபெட்டைத் தவிர நான் உழைத்ததற்கு வேறென்ன சாட்சி இருக்கிறது? அந்த ஒரு வார்த்தையில் நீங்கள் ஜெயிலுக்குப் போய்க் காப்பாற்றின நிலத்தை, நாலு பேர் சிரித்தார்கள் என்று தூக்கிக் கொடுக்கப் பார்த்தேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். நான் இல்லையென்றதும் நாகசாமிக்குப் பொறுக்கவில்லை. ஊரறிய அவரைப் பொய்யர் ஆக்கிவிட்டேனாம்!

"ஐயா, பொய்யிங்க! பச்சைப் பொய்! இதே பொம்பளதான். முன்னாடி யூரியா மூட்ட, பின்னாடி நாத்துக்கட்டு, அதப் புடிச்சுக்கிட்டு இது மவ. நான் பின்னாலயே சைக்கிள்ல போயிருக்கேன். நாத்துத் தண்ணி என் வேட்டியெல்லாம் தெறிச்சிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாளில்ல, நடவு முடியற வரைக்கும் இதே கூத்துத்தான்!"

வக்கீல் தம்பி மெதுவாகக் கேட்டார். "ரோட்டை அடைச்சுக்கிட்டா போனாங்க?"

"அடைக்கல. இடப்பக்கத்துக்குள்ளயே ஆடும்."

"நாத்த எங்க எறக்கினாங்க?"

"எங்க எறக்கும்? அது வயல்லதான்..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்துவிட்டு, "இப்ப சொல்லுங்கம்மா. அது நீங்கதானா?" என்று மறுபடியும் கேட்டார்.

இவ்வளவு ஆன பிறகும் எனக்குக் கூச்சம் போகவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். ஆமாம் என்றால் அந்த ஆட்டமும் என்னுடையது, அந்தச் சிரிப்பும் என்னுடையது. அங்கேயும் போட்டிருந்த முக்காட்டை எடுத்துவிட்டு, "ஆமாங்க ஐயா. அது நான்தாங்க" என்றேன்.

"அப்புறம் ஏன் இல்லைன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வக்கீல் தம்பி டீ வாங்கிக் கொடுத்தார், திட்டவில்லை. செல்விதான் பஸ்ஸில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கும்பகோணம் தாண்டினதும் சொன்னாள்.

"அப்பா வண்டிய ஓட்டவே தெரியாதுன்னுட்டியேம்மா. அப்ப பின்னாடி நாத்தப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்த நான் யாரு?"

அவளுக்கும் கூடப் படிக்கிற பெண்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம் இருந்திருக்காதா? ஒரு நாளும் இறங்கி நடக்கிறேன் என்று அவள் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

உத்தரவு வந்துவிட்டது. மனு தள்ளுபடி. குத்தகைப் பதிவில் உங்கள் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதியிருக்கிறார்கள். உங்கள் தம்பி இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார், சங்கத்தில் வெடி வெடித்தார்கள். எனக்குத்தான் அதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. என் உழைப்பை நான் இல்லையென்றேன், நம்மை விரட்ட வந்தவர் ஆமாம் என்றார். அவர் வாயால் பிழைத்த நிலம் இது. நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நான் அதையாவது கேட்டுத் தேறியிருப்பேன்.

இதுவரை எழுதினதைக் காட்டியபோது மலர் போடுகிற தம்பி தயங்கினார். "அக்கா, ஊரே படிக்கும். பேரை மறைச்சு, ஒரு விவசாயியின் மனைவின்னு போட்டுடவா?" என்று கேட்டார். எவ்வளவு சௌகரியமான யோசனை! ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி எந்தச் சபையிலும், யார் சிரித்தாலும், என்னை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மனைவி,
செல்வியின் அம்மா,
ரோட்டில் ஆடி ஆடிப் போகிற
அம்சவல்லி