புரட்டாசியில் முட்டை

அன்பு மகள் பூங்குழலிக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். சொல்ல வேண்டியவை மூன்று: 1. முட்டை. 2. உன் அம்மா. 3. நீ பெரம்பலூருக்குத் திரும்புவது.

வயிற்றைச் சுருக்கிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம்தான் உனக்கு. அதிலும் புரதம்தான் முதலில் என்றார் டாக்டர். பருப்பு வாந்தியானது, முட்டை மட்டுமே வயிற்றில் தங்கியது. புரட்டாசி பிறந்ததும் அம்மா அதை நிறுத்தினாள்.

“பெருமாள் மாசத்துல வூட்டுல முட்டையா? ஒரு மாசம் கஞ்சி குடிச்சா என்னடி?”

நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சில நாளில் நீ மயங்கி விழுந்தாய். மறுநாளே அரியலூரில் உன் தோழி கவிதாவின் அறைக்குப் போய்விட்டாய்.

நேற்று கவிதா போனில் சொன்னாள்: “முட்டை குடுத்தா, அம்மா பாத்த பார்வை ஞாபகம் வருதுன்னு தள்ளிடுறா, அப்பா. வெறும் மோர்தான். மாடிப்படி ஏற முடியல.”

அதைக் கேட்டு அம்மா அழுதாள். ஆனாலும் புரட்டாசி முடியட்டும் என்கிறாள். அதுவரை நீ தாங்குவாயா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியவில்லை.

மூன்றாவதாக எழுதியது தவறு. நீ திரும்ப வேண்டாம். வரும் சனிக்கிழமை, பெருமாளுக்குரிய நாள் என்றும் பாராமல், கரண்ட் அடுப்போடு நான் அங்கே வருகிறேன். எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன். கதவை மட்டும் திறம்மா.

உன் அப்பா