மாத்திரை டப்பாவில் வந்த கொசுக்கள்

அக்டோபர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் மரம் அறுத்துவிட்டு வந்து உட்காருகிறவர் கையில் இவ்வளவு நீளக் காகிதத்தைத் திணிக்கிறேன். உங்கள் முகாமில் போன் எடுக்காது. சாமான் லாரி டிரைவர் அண்ணன் வாரம் ஒருமுறை மேலே வருவதால் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

போன தடவை வீட்டுக்கு வந்தபோது, "கொசு பிடிக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று கேட்டீர்கள். பிடிப்பது வேறு ஆட்கள். எனக்கு வருவது செத்த கொசுதான். ஐஸ் போலக் குளிர்ந்த ஒரு தட்டில் பரப்பி, லென்ஸ் வழியாகக் காலையும் சிறகையும் பார்த்து இனம் பிரிக்கிறேன். கழுத்துதான் வலிக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்துக்கு என் வேலை பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். கூட்டத்தில் இன்னும் நான் வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் தேடுவது மர உச்சியில் வாழும் ஒரு கொசுவை. அது கீழே வருவதே இல்லை. மேலேயே குரங்குகளைக் கடித்துப் பிழைக்கிறது. குரங்கிலிருந்து கொசுவுக்கு, கொசுவிலிருந்து குரங்குக்கு என்று ஒரு வைரஸ் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. தரையில் நடக்கிற மனிதருக்கு அது தெரிவதே இல்லை. "மரத்தைச் சாய்க்கிற வரைக்கும்" என்றார் மேடம். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

முன்பு வேலை செய்தவர்கள் காலைத் திறந்துபோட்டு உட்கார்ந்து, கொசு வந்து உட்கார்ந்ததும் குழாயால் உறிஞ்சிக் குப்பியில் விடுவார்களாம். இப்போது பொறிதான் வைக்கிறார்கள். உச்சிக் கொசு பொறியில் சரியாக விழுவதில்லை என்று மேடம் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அங்கே குரங்குகள் கத்துகின்றனவா அப்பா? அதை மட்டும் எழுதுங்கள். அம்மா நன்றாக இருக்கிறாள். எனக்கு ஒன்றும் வேண்டாம்.

உங்கள் மகள்


அக்டோபர் 11

என் கொசு டாக்டருக்கு,

அப்பனுக்கு லெட்டர் போட மன்னிப்பு எதுக்கு? கூச்சப்படுறதுக்கு ஒரு அளவு வேண்டாமா?

உன் லெட்டரை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். எங்க சமையல்காரன் கேக்குறான், "கொசுக் காலைப் பாக்கவாண்ணே உங்க பொண்ணு பட்டம் வாங்குச்சு?" "நீ மொதல்ல உப்பைப் பாத்துப் போடு, அப்புறம் என் பொண்ணைப் பேசு"ன்னேன். அன்னிலேர்ந்து உப்பே போட மாட்டேங்குறான், ரோஷக்காரன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நேத்து ஒரு பெரிய மரம் சாய்ச்சோம். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. விழுந்து தூசி அடங்கல, கிளைக்குள்ளேர்ந்து நீலமா மின்னுற கொசு குபுகுபுன்னு கிளம்புது. எல்லாரும் துண்டை வீசிக்கிட்டு ஓடுறாங்க. நான் மட்டும் பேன்ட்டை முட்டிக்கு மேல சுருட்டிட்டு அந்த மரத்து மேலயே உக்காந்துட்டேன். மேஸ்திரி, "என்னய்யா, பூஜையா?"ங்குறார். "என் பொண்ணு ஆராய்ச்சிக்குக் கொசு பிடிக்கிறேன்"னேன்.

குழாய் ஏது? காலி மாத்திரை டப்பாவைக் கால் மேல கவுத்துக் கவுத்துப் பிடிச்சேன். பாதி, கடிச்சு முடிச்சப்புறம்தான் மாட்டுச்சு. போனா போகுது, அப்பன் ரத்தம்தானே. பஞ்சு வெச்சு மூடி இதோட அனுப்பியிருக்கேன். உங்க மேடத்துகிட்ட குடு. இனிமே தலையைப் பிடிக்க வேண்டாம்னு சொல்லு.

குரங்கு கேட்டியே. வந்த புதுசுல விடியக்காலம் காது கிழியும். இப்பக் கொஞ்ச நாளா சத்தமே இல்ல, நல்லாத் தூங்குறோம். ஓடைப் பக்கம் ரெண்டு மூணு செத்துக் கிடந்துச்சு. மரம் விழுந்து அடிபட்டிருக்கும்.

உனக்கு என்ன வேணும்னு எழுது. ஒண்ணும் வேண்டாம்னு எழுதாதே. சின்னப் புள்ளையிலேர்ந்து அதையே கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப்போச்சு.

அப்பா


அக்டோபர் 17

அப்பா,

இனி ஒரு கொசுவைக்கூடப் பிடிக்காதீர்கள். என் மேல் ஆணை.

டப்பாவை மேடத்திடம் கொடுத்தேன். எப்படிப் பிடித்தீர்கள் என்று படித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். குரங்குச் சத்தம் நின்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி அவரே திரும்பப் படித்தார். குரங்குகள் கத்திக்கொண்டிருந்தால்தான் நமக்கு நல்லதாம். அந்த வைரஸ் பரவினால் முதலில் விழுவது அவைதானாம். காட்டில் அமைதி என்றால் எங்கள் அறையில் யாரும் நிம்மதியாக இருப்பதில்லை.

காலைத் திறந்துபோட்டு உட்காரும் பழக்கத்தை ஏன் விட்டார்கள் என்பதை நான் உங்களுக்கு எழுதவேயில்லை. அப்படி உட்கார்ந்தவர்களுக்கே காய்ச்சல் வந்ததால்தான் விட்டார்கள்.

செத்த குரங்குகளைத் தொடாதீர்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். உங்களுக்கோ கூட இருப்பவர்களுக்கோ காய்ச்சல் வந்தால் அன்றே கீழே இறங்கிவிடுங்கள். டப்பாவில் இருந்தவற்றை வைரஸ் பார்க்கும் இயந்திரத்தில் வைக்க எங்கள் முறை நாளைக்குத்தான். காய்ந்துபோன கொசுவில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது என்கிறார் மேடம். கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் யாரும் அப்படி வேண்டிக்கொள்ளக் கூடாது.

யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம்.

மகள்


அக்டோபர் 18

பாப்பா,

லாரிக்காரர் அவசரப்படுத்துறார், அதான் எழுத்து கோணல்.

நீ சொன்னபடி முழுக்கைச் சட்டை போட்டாச்சு. வேர்த்துக் கொட்டுது. எல்லாரும் மாப்பிள்ளைங்குறாங்க.

மறைக்கக் கூடாதுன்னு சொன்னதால சொல்றேன். சமையல்காரனுக்குக் காய்ச்சல். மூணு நாள் படுத்துக் கிடந்தான், அப்புறம் தானா விட்டுச்சு. எழுந்து அடுப்பும் மூட்டினான், என்னோட வம்பும் இழுத்தான். நல்லாயிட்டான்னு நெனச்சோம். மறுநாள் ஒரே வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள். இதே லாரியில அவனைக் கீழே அனுப்புறோம். நான்தான் தூக்கி உக்கார வெச்சேன். முடிஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு எட்டுப் பாரு, அவனுக்கு அங்க யாரும் இல்ல.

எனக்கும் ரெண்டு மூணு நாளா லேசா காய்ச்சல், இடுப்பு வலி. மழையில நனைஞ்சது. இன்னிக்கு நல்லாயிருக்கு. ரம்பத்தை எடுத்துட்டேன். மழை பிடிக்கிறதுக்குள்ள அந்த மேட்டை முடிக்கணும்னு மேஸ்திரி நிக்கிறார். நான் இல்லேன்னா பெரிய மரத்துல கை வைக்க இங்க ஆள் இல்ல.

நீ பயப்படாதே. சின்ன வயசுல உனக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்? மரம் சாயுறப்ப கண்ணை மூடிட்டு ஓடக் கூடாது. எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு, அப்புறம் காலை எடு. அவ்வளவுதான் எல்லாம்.

என்ன வேணும்னு இந்தத் தடவையும் எழுதல நீ.

அப்பா


அக்டோபர் 19

அன்புள்ள அப்பா,

லாரி கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவர் அண்ணன் டீசல் போட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம்தான் மேலே போகவேண்டியவர். அத்தனை ஆட்களுக்கு நடுவில் நின்று, "இப்பவே போகணும்ணா" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், சாவியை எடுத்தார். நானும் வருகிறேன் என்றேன். வனத்துறை கேட்டில் வெளியாளை விடமாட்டார்களாம். சுகாதார ஆட்கள் வரப்போகிறார்கள், அனுமதிக் காகிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை.

உங்கள் கொசுக்களை நேற்று இயந்திரத்தில் வைத்தோம். வைரஸ் இல்லாத கொசுவாக இருந்தால் திரையில் கோடு கடைசிவரை படுத்தே கிடக்கும். உங்களுடையது பாதியிலேயே எழுந்துவிட்டது. மேடம் என் தோளில் கை வைத்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. குரங்குகளில் சுற்றுகிற அதே வைரஸ்தான் அப்பா. உங்கள் காலில் உட்கார்ந்து கடித்த கொசுக்களில் இருந்திருக்கிறது.

சமையல்காரரைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. "கொசு டாக்டரா?" என்று சிரிக்கப் பார்த்தார். பல்லோரத்தில் ரத்தம். இனி உப்புப் போட்டே சமைப்பதாக உங்களிடம் சொல்லச் சொன்னார், நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன். இன்று விடிவதற்குள் போய்விட்டார்.

"இன்னிக்கு நல்லாயிருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவரும் ஒரு நாள் நன்றாக இருந்தார். எழுந்து அடுப்பு மூட்டினார் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். நீங்களும் சிரித்துப் பேசிக் கையசைத்தீர்கள் என்று டிரைவர் அண்ணன் சொன்னார். சிலருக்கு அத்தோடு சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல மேடத்துக்கே தெரியாது.

லாரியில் மெத்தை விரித்து வலை கட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வலை போட்ட கட்டிலுக்கு மேடம் பேசிவிட்டார். வீட்டுக்குப் போகவேண்டாம், நேரே இங்கே வாருங்கள். வீட்டில் உங்களைக் கடிக்கிற கொசு அடுத்து அம்மாவைக் கடிக்கலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மற்றவர்களையும் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மேஸ்திரிக்கு மேடம் தனியாக எழுதியிருக்கிறார்.

எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கச் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன் அப்பா. உங்கள் பக்கம்தான்.

எனக்கு என்ன வேண்டும் என்று எப்போதும் கேட்பீர்கள். ஒன்றும் வேண்டாம் என்றே சொல்லி வளர்ந்துவிட்டேன். கேட்டால் அதற்கும் நீங்கள்தானே காட்டுக்குள் போகவேண்டும் என்று பயம். இன்றைக்குக் கேட்கிறேன், இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

பயப்படுங்கள் அப்பா. எனக்காக இந்த ஒரு தடவை, கூட இருப்பவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நன்றாகப் பயந்து, ரம்பத்தை எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே போட்டுவிட்டு, இந்த லாரியில் ஏறிவிடுங்கள்.

உங்கள் பாப்பா