அணைக்காத பெட்டி

புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்.
20.9.1987, ஞாயிறு

அன்பு மகள் பூங்கோதைக்கும் மாப்பிள்ளை குணசேகருக்கும்,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். பெர்த் குளிரில் நீங்கள் இருவரும் சளி, இருமல் இல்லாமல் இருக்கப் பெருமாளிடம் சொல்லியிருக்கிறோம். நேற்றுத்தான் புரட்டாசி முதல் சனி. சிராங்கூன் ரோடு கோயிலில் நிற்க இடமில்லையாம். ஆகவே உங்களுக்கான வேண்டுதல் சுடச்சுடப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அதில் இரண்டு சேதி எழுதியிருந்தாய். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் தலை தீபாவளிக்கு வர முடியாது என்பது ஒன்று. நீ போனஸ் பணத்தில் வாங்கி ஆடிக்கொண்டிருந்த வீடியோ கேம் பெட்டியை, வெள்ளிக்கிழமை மகனைப் பார்க்கப் பெர்த் வருகிற அன்னம்மாவிடம் கொடுத்தனுப்பச் சொன்னது இன்னொன்று. முதல் சேதியைப் பற்றி உன் அம்மா வாயே திறக்கவில்லை. இரண்டாவதற்குத்தான் வீட்டில் ரகளை.

அங்கே கடையில் விலை கேட்டு மாப்பிள்ளை வந்த வழியே திரும்பிவிட்டார் என்று எழுதியிருந்தாய். இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்! ஜப்பான்காரனின் யென் ஏறிக்கொண்டே போகிறது, அதோடு அவன் செய்கிற சாமான் எல்லாம் ஏறுகிறது. விளையாட்டுப் பெட்டி, வீடியோ டெக், கேமரா எதையும் தொட முடியவில்லை என்று பேப்பரிலேயே போட்டுவிட்டான். என் டாக்சியில் ஏறுகிற ஜப்பான்காரர்கள் முகத்தில் மட்டும்தான் சிரிப்பைப் பார்க்கிறேன். நீ பெட்டி வாங்கின அஹமது கபீர் கடைக்கு ஒரு நடை போய்ப் பார்த்தேன். விலைச் சீட்டின் மேலேயே இன்னொரு சீட்டு, அதன் மேல் இன்னொன்று என்று ஒட்டி வைத்திருக்கிறார். உரித்தால் வெங்காயம் மாதிரி உரியும். ஜப்பானில் இதைவிடக் கெட்டிக்காரப் பெட்டி ஒன்று வரப்போகிறதாமே, வந்தால் இது விலை இறங்குமா என்று கேட்டேன். "அண்ணே, கனவு காணாதீங்கலா. அது வந்தா அதுவும் ஏறும், இதுவும் ஏறும்" என்றார். வியாபாரிக்கு எப்போதும் அப்படித்தான் தெரியும்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. பெட்டியை அனுப்ப வேண்டும் என்றால் முதலில் அதை அணைத்துப் பிளக்கைப் பிடுங்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் உன் அம்மா விடமாட்டேன் என்கிறாள். தை மாதம் நீ புறப்பட்டுப் போன அன்றிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பெட்டி அணைக்கப்படவே இல்லை, கோதை. உனக்கு இது தெரியாது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. இப்போது சொல்லிவிட்டேன், என்ன செய்வாளோ செய்யட்டும்.

அன்றைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நான் கீழே டாக்சியில் உட்கார்ந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை பெட்டிகளை ஏற்றிவிட்டார். உன் அம்மா எலுமிச்சை ஊறுகாய்க்குப் பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நீ பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து கடைசியாக ஒரு ஆட்டம் என்று திரையில் குருவியைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாய். பிறகு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடிவந்தாய். ஏர்போர்ட்டிலிருந்து திரும்பியதும் டிவியும் பெட்டியும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அணைக்கப் போனேன். உன் அம்மா குறுக்கே வந்து நின்றாள். ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேருவதற்குள் வீடு பெருக்கக்கூடாது என்பது நம் வழக்கம். அதை நான் அறிவேன். வீடியோ கேமுக்கும் அந்த வழக்கம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "புள்ள இன்னும் வானத்துல இருக்கு. அது விட்டுட்டுப் போனத நீங்க எதுக்கு அணைக்கிறீங்க? டிவிய மட்டும் நிப்பாட்டுங்க" என்றாள். சரி, உன் போன் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் உன் போன் வந்தது. இனிமேல் அணைக்கலாமா என்று டிவியைப் போட்டால், திரையின் மேலே நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண் நிற்கிறது. இது என்ன என்று உன் அம்மா கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கபீரிடம் கேட்டு வந்து சொன்னேன். அதுவரை ஆடிய ஆட்டத்திலேயே பெரிய எண் எதுவோ அதுதான் மேலே நிற்குமாம். யாராவது அதைத் தாண்டினால் பழையது போய்ப் புதியது வந்து உட்காருமாம். பெட்டியை அணைத்தால் எல்லாமே அழிந்துவிடுமாம். இதைச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. "அப்ப அது கோதை எடுத்த நம்பரு" என்றாள். அதோடு அணைக்கிற பேச்சு முடிந்துபோயிற்று.

வீடியோ கேம் கடைகளை எல்லாம் சர்க்கார் மூடியபோது, நல்லதாய்ப் போயிற்று, பிள்ளைகள் உருப்படும் என்று வாய் ஓயாமல் சொன்ன மங்களம்தான் இவள். அந்த மங்களம் இப்போது மத்தியானச் சமையல் முடிந்ததும் உன் பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அடாப்டர் சூடாகிறது என்று அதற்கு ஒரு டேபிள் ஃபேன். எனக்கு வேர்த்தால் விசிறிக்கொள்ள வேண்டியதுதான். கரண்ட் பில்லைப் பற்றி ஒரு நாள் பேச்செடுத்தேன். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை. அதிலிருந்து நான் பேசுவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கெட்டிக்காரியாகிவிட்டாள்! முதலில் குருவி இரண்டு நெல்லைக் கொத்துவதற்குள் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும். இவள் "ஐயையோ, ஐயையோ" என்று கத்துவாள். இப்போது குருவி பருந்துக்கு நடுவில் புகுந்து புறப்படுகிறது. கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. முழங்கால் வலி இருக்கிற இடம் தெரியவில்லை. டாக்டர் கொடுத்த தைலத்தைவிட உன் குருவி நன்றாக வேலை செய்கிறது.

மற்ற சேதிகளையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெட்டியைப் பற்றியே எழுதினேன் என்பாய். எம்.ஆர்.டி. ரயில் இந்த வருஷக் கடைசிக்குள் ஓடும் என்கிறார்கள். டாக்சிக்காரன் பாடு எப்படியோ தெரியவில்லை. மழை பெய்கிறவரை எங்களுக்குக் கவலையில்லை என்று காப்பிக்கடையில் பேசிக்கொள்கிறோம். உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டாயிற்று. மாப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேட்டியும் எடுத்தாயிற்று. உன் கடிதம் வருவதற்கு முன்னால் எடுத்தது. கடைக்காரர் மாற்றித் தருவார்தான். உன் அம்மா இன்னும் கொண்டுபோகவில்லை. நான் சொன்னதாக அவளிடம் கேட்டுவிடாதே.

சரி, நேற்று நடந்ததற்கு வருகிறேன். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். மகள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள், இவள் வருவதற்குள் பெட்டியைக் கட்டி வைத்துவிடலாம், வந்து கத்தினால் கத்தட்டும் என்று முடிவு செய்தேன். அட்டைப்பெட்டி, கயிறு எல்லாம் தயார். ஒரு தடவை பார்த்துவிட்டு அணைப்போம் என்று டிவியைப் போட்டேன். அந்த எண் நின்றது. பட்டுச் சேலையோடு நீ உட்கார்ந்திருந்த இடத்தில்தான் நான் குந்தியிருந்தேன். சுவிட்சில் வைத்த விரல் அழுந்தவில்லை, கோதை. எனக்கே என் மேல் கோபம் வந்தது. கயிற்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

அவள் பிரசாதத்தோடு வந்தாள். டிவி ஓடுவதைப் பார்த்தாள், அட்டைப்பெட்டியையும் பார்த்தாள். எனக்குப் புளியோதரையைத் தட்டில் வைத்துவிட்டு ஆட உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. நாற்பதாயிரம் தாண்டியது, நாற்பத்தைந்து தாண்டியது. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நாற்பத்தெட்டாயிரம் வந்துவிட்டது. பருந்து ஒன்றுகூட இல்லை, வழி சுத்தமாக இருக்கிறது, இன்னும் சில நெல்தான். "பற மங்களம், பற!" என்று கத்தினேன். அவள் குருவியை நேராகத் திரையின் அடியில் ஓடுகிற தண்ணீரில் கொண்டுபோய் இறக்கினாள். ஆட்டம் முடிந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண் தெரியவில்லையா, கையில் வந்ததை இப்படியா விடுவது என்று கத்தினேன். அவள் சேலைத் தலைப்பால் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்லா. தாண்டினா புள்ள நம்பரு போயிடும்ல" என்றாள். ரொம்ப நாளாகவே இப்படித்தான் செய்கிறாளாம். அந்த இடம் வந்ததும் குருவியை இறக்கிவிடுவாளாம். நான்தான் பருந்து பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாத மனுஷன் நான்.

அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்கு வண்டியை விட்டேன். கபீரிடம் அதே பெட்டியில் புதிதாக ஒன்று கேட்டேன். "அண்ணே, வீட்டுல ஒண்ணு நல்லாத்தானே ஓடுது? விலை ஏறிக் கிடக்கிற நேரத்துல இன்னொண்ணு எதுக்கு?" என்று வியாபாரியே தடுக்கிறார் என்றால் பார்த்துக்கொள். அது ஓடுவதால்தான் இது வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பேரம் பேசினேன், மசியவில்லை. உங்கள் ஊர்ச் சுவருக்குப் பொருந்துகிற பிளக் ஒன்றைச் சும்மா போட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான். விலை என்ன என்று நீ கேட்காதே, நானும் சொல்லமாட்டேன். மாப்பிள்ளையும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். தலை தீபாவளிச் சீர் என்று வைத்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை அன்னம்மாவை நானே ஏர்போர்ட்டில் விடுகிறேன். இந்தக் கடிதமும் அந்தப் பெட்டியோடுதான் வரும். குருவி கேசட்டும் புதிதாக ஒன்று வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன். ஊறுகாய் வைக்க அம்மா அடம்பிடித்தாள். உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவான் என்று சொல்லி நிறுத்தினேன்.

பதினாறும் பெற்று இருவரும் நீடூழி வாழ வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று நீ எழுதியதை நான் மறக்கவில்லை. வேலைதான் முக்கியம், வற்புறுத்தமாட்டேன். ஆனாலும் மாப்பிள்ளை இன்னொரு முறை கேட்டுப் பார்க்கட்டும். தீபாவளிக்கு முடியாவிட்டால் பொங்கலுக்காவது வா. வந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடி, அந்த எண்ணை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துவிட்டுப் போ, அம்மா. உன் அம்மாவுக்குப் பறக்க இடம் போதவில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா