சூசை மாமா மோசம் போன கிழமை

யூலை 8, திங்கள்

கச்சான் காற்று. முற்றத்தில் மணல், சோற்றில் மணல், பல்லில் மணல். காற்றுக்குக் கச்சான் என்று பெயர் வைத்தவர்கள் கூடவே ஒரு பை வறுத்த கச்சான் கடலையும் அனுப்பியிருக்கலாம். கடல் குழப்பம். அப்பா வீட்டில், வலை தைக்கிறார். நான் ஓ.எல். சோதனை எழுதிவிட்டு ரிசல்ட்ஸ் வரும்வரை வேலையற்ற பட்டதாரி. பட்டம்தான் இல்லை.

மத்தியான பஸ்ஸில் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாள். கம்பஸில் ஊடக எழுத்துப் படிப்பிக்கிறாள், தற்காலிகமாக. வெள்ளிக்கிழமை நிரந்தர வேலைக்கான மாதிரி விரிவுரை. கால் மணித்தியாலம், எதிரில் வரிசையாகப் பேராசிரியர்கள். போன முறை நாக்கு வறண்டு பாதியில் நின்றதாம். இந்த முறையும் நின்றால் மாத முடிவோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டா. என்ன நேர்ந்தா என்று சொல்லமாட்டாவாம். என் தலைமயிராக இருக்கக்கூடாது.

அலுமாரிக் கதவு கரும்பலகை. மாணவர்கள்: நான், அப்பா, வலை.

"மாணவர்களே, செய்தியின் முதல் வரி என்பது யாதெனில்..."

காலையில் போனில் "எடி குரங்கு" என்று கூப்பிட்ட அதே வாய்!

"அக்கா, விரிவுரை எண்டா உரப்பையை விரிச்சுப்போட்டு, அதில நிண்டு கதைக்கிறதோ?"

வெண்கட்டி பறந்து வந்தது. குறி தப்பி அப்பாவில்.

ஒவ்வொரு "ஆகவே"க்கும் கடதாசியில் ஒரு கோடு போட்டேன். முடியும்போது தடி தடியாக நட்ட கதியால் வேலி மாதிரி இருந்தது. காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. திரும்பி நின்று முதலிலிருந்து தொடங்கினாள். கடதாசியை மடித்து வைத்துக்கொண்டேன்.

யூலை 9, செவ்வாய்

காற்று அதே. விளமீன் குழம்பு. பூனைக்குத் தலை, எனக்கு வால், அக்காவுக்கு நடுத்துண்டு. படித்தவளுக்கு மரியாதை.

பாடம்: யார், என்ன, எங்கே, எப்போது. "கீழ இருந்து எவ்வளவு வெட்டினாலும், முதல் வரி தனிய நிண்டு செய்தியைச் சொல்லவேணும், விளங்குதோ?" விளங்கியது. நன்றாகவே.

பயிற்சி: ஊரில் இன்று நடந்த உண்மை ஒன்று. எழுத்துத் தமிழில்.

பக்கத்து வீட்டுச் சூசை மாமா இணையத்தில் போன் ஒன்று வாங்கினார். பெட்டியைத் திறந்தால் குளிக்கிற சவர்க்காரம். முகம் கழுவாமல்கூட மன்னார் பொலிசுக்குப் போயிருக்கிறார். என் செய்தி:

"எமது ஊரைச் சேர்ந்த சூசை இன்று காலை மோசம் போனார். இணையத்தில் வாங்கிய தொலைபேசிக்குப் பதிலாக அவருக்குச் சவர்க்காரம் அனுப்பப்பட்டிருந்தது."

அகராதியில் மோசம் போனால் ஏமாந்தது. எங்கள் வாயில் மோசம் போனால் ஆள் முடிஞ்சுது, சவப்பெட்டிதான். இரண்டும் எனக்குத் தெரியும். அக்கா தன் குறிப்பில் தலையைப் புதைத்துக்கொண்டு, "ம், நாலு கேள்விக்கும் மறுமொழி இருக்கு, நல்லம்" என்றாள்.

பிறகு படித்ததைப் பயன்படுத்தினேன். கீழிருந்து வெட்டினேன். முதல் வரியை மட்டும் ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். "ஊடக எழுத்துப் பயிற்சி, அக்காவின் வகுப்பு" என்றும் அடியில் போட்டேன். அதை வாசிக்காமலா விடுவார்கள்?

அதே நாள், பின்னேரம்

கோயிலில் துக்க மணி.

சூசை மாமாவின் பழைய போன் செத்துக் கிடந்தது (அதனால்தானே புதிது). எடுத்துக் கேட்க வழியில்லை. அரை மணித்தியாலத்தில் ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி. வாடகைக் கதிரைகள் இறங்கின. வங்காலையில் மகள் வீட்டில் நின்ற அவர் மனைவி றோசா மாமி ஓட்டோவில் குழறிக்கொண்டு வந்தா. நான் குசினிக்குள், கதவு இடுக்கில். சிரிப்பு நின்றுவிட்டது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று இரண்டு தரம் கதவைத் திறந்தேன், இரண்டு தரமும் சாத்தினேன்.

அப்போது மன்னார் பஸ். சூசை மாமா இறங்கினார். கொடியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"ஆர் மோசம்?"

கதிரை அடுக்கிக்கொண்டு நின்றவர், திரும்பிப் பாராமல்: "சூசை அண்ணை."

"எந்தச் சூசை?"

மாமி பாய்ந்து வந்து ஓர் அறை. பிறகு கட்டிப்பிடித்து அழுகை. "செத்தவன் மாதிரித் திரியிறியே, ஒரு போன் எடுக்கத் தெரியாதோ!"

யூலை 10, புதன்

அக்கா என்னோடு கதைக்கவில்லை. அம்மாவிடம் கதைத்ததைக் கேட்டேன்.

"என்ர வகுப்பு எண்டெல்லோ போட்டு அனுப்பியிருக்கிறாள். ஊரில இருந்து கம்பஸுக்கு இந்நேரம் போயிருக்கும். படிப்பிக்கிற லட்சணத்தைப் பாருங்கோ எண்டு சொல்லமாட்டினமோ? வெள்ளிக்கிழமை நான் போகேல்லை அம்மா."

பகிடி என் கையில் இருக்கும்வரை சின்னது. அக்காவின் கழுத்தில் ஏறியதும் பாறாங்கல்.

சூசை மாமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மாமி முறைத்தா. மாமா தன் செத்தவீட்டுக்கு வந்தவர்களின் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூத்த மச்சான் வரேல்லை, கவனிச்சியோ? அவன்ர செத்தவீட்டுக்கு நானும் போகமாட்டன்." பிறகு கோபம் நினைவுக்கு வந்து, என் காதைப் பிடித்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, நீ ஊடகம் படிப்பிக்கிறியோ, ஊரை உயிரோட புதைக்கப் படிப்பிக்கிறியோ?"

அக்கா எழும்பினாள். முகம் சிவப்பு.

"மாமா, பிழை இவள் எழுதினதில மட்டும் இல்லை. நான் வாசிச்சிட்டு நல்லம் எண்டனான். புத்தகத் தமிழிலயே ஊறிப்போய், எங்கட சொல்லு எனக்கே கேக்கேல்லை. எழுதுறவளின்ர மனசில ஒரு கருத்து இருக்கும். ஊர் தன்ர காதாலதான் வாசிக்கும். அதை யோசிக்காமல் ஒரு சொல்லை விட்டா, உங்களைப்போல ஓராள் தன்ர செத்தவீட்டுக்குத் தானே பஸ்ஸில வருவார். வெட்டலாம் மாமா. ஆனா வெட்டின பிறகு மிஞ்சினது உண்மையோ எண்டு திருப்பிப் பாக்கோணும். இதைத்தான் நான் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கவேணும்..."

நிறுத்தவேயில்லை. மாமா கதிரையில் இருந்துவிட்டார். அப்பா ஊசியைக் கீழே வைத்தார். நான் பழக்கத்தில் கடதாசியும் பென்சிலுமாக. ஒரு கோடுகூட விழவில்லை.

மாமா போனபின் வெறும் கடதாசியை அக்காவின் முன்னால் வைத்தேன்.

"என்னடி இது?"

"நீங்க சொன்ன ஆகவே எல்லாம்."

கடதாசியைத் தன் குறிப்புக்குள் வைத்தாள். பிறகு ஈரத்துணி எடுத்து அலுமாரியைத் துடைத்தாள்.

யூலை 11, வியாழன்

புழுக்கம். அக்கா நாள் முழுக்கப் புதிதாக எழுதினாள். நான் தேத்தண்ணி ஊற்றுபவர், நகைச்சுவைக்குத் தடை. குழுவில் திருத்தம் போட்டேன், முழுச் செய்தியோடு. கீழே சூசை மாமாவின் மகள் ஒரு பெருவிரல் போட்டா. மேலா கீழா என்று பார்க்கப் பயம். மேல்தான்.

பின்னேர பஸ்ஸுக்கு அக்கா வெளிக்கிட்டாள். "போட்டு வாறன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். எனக்குத் தனியாகத் தலையில் ஒரு குட்டு. வலித்தது. சந்தோசம்.

யூலை 12, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. அப்பா கரைக்குப் போய்விட்டார். அம்மா மூன்றாவது செபமாலை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பூனைக்கு இரட்டிப்பு.

இப்போதுதான் அக்கா போன் எடுத்தாள். பலகையில் முதலில் எழுதியது "சூசை மோசம் போனார்" என்பதாம். கண்டியிலிருந்து வந்த பேராசிரியர், "பாவம், யார் ஏமாற்றியது?" என்றாராம். யாழ்ப்பாணத்துக்காரர், "எப்ப அடக்கம்?" என்றாராம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, அக்கா அதிலிருந்தே தொடங்கினாளாம். நேரம் முடிந்தும் கேள்வி கேட்டார்களாம்.

"வசனம் ஆர் எழுதினது எண்டும் கேட்டவை."

"குரங்கு எண்டீங்களோ?"

"என்ர மாணவி எண்டனான்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன். அக்கா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். வெளியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம். கடிதம் பிறகு. வேலை நிரந்தரம்.

அம்மா முழங்காலில் இருந்து எழும்பாமலே அழுகிறா. அப்பாவிடம் நான்தான் ஓட வேண்டும். வழியில் ஊர் முழுக்கக் கேட்கும், ஆனபடியால் முதல் வரியை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

"அக்கா நிரந்தரமானாள்."

ஐயோ, வேண்டாம். இதற்கும் துக்க மணி அடிப்பார்கள்.