சிவப்பு டப்பா

விஷ்ராந்த்வாடி, புனே
12 மே 2025

டானியாவின் அப்பாவுக்கு,

‘கர்த்தருக்குள் பிரியமான’ என்று தொடங்கத்தான் கை போனது. பொய் எழுத வேண்டாமென்று நிறுத்திக்கொண்டேன். போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் காகிதம்.

டானியா லீவு முடிந்து நேற்று விமானப்படை அகாடமிக்குக் கிளம்பினாள். பெட்டி அடுக்கும்போது துணிக்கு நடுவில் இரண்டு டப்பா. ஒன்று புரோட்டீன் பவுடர். அதை நான் குறை சொல்லவில்லை. உள்ளே இருப்பதை லேபிளில் ஒழுங்காகப் போட்டிருக்கிறான். அகாடமி டாக்டரிடம் காட்டிவிட்டுக் குடிக்கட்டும். இன்னொன்று சிவப்பு டப்பா, மேலே வாயைப் பிளந்த சிங்கம். எக்சர்சைஸுக்கு முன்னால் குடிக்க வேண்டியதாம். பின்பக்கம் திருப்பினால் ‘எனர்ஜி கலவை’ என்று ஒரே வரி. எதை, எவ்வளவு கலந்தான் என்று ஒரு எழுத்து கிடையாது. கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவளுக்கு அந்த ஒரு வரி போதும்.

“இது ஏதுட்டீ?” என்றேன்.

“அப்பா குடுத்தாங்கம்மா. எல்லாரும் எடுக்காங்க. நீ சும்மா டென்ஷன் ஆகாதே.”

டைல்ஸ் விற்றீர்கள். தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்றீர்கள். இப்போது விமான் நகரில் கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் வைத்து நியூட்ரிஷன் கடை. என்னத்தையும் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் விமானம் ஓட்டப் பழகுகிற பிள்ளையின் உடம்பு உங்கள் சரக்கைப் போட்டுப் பார்க்கிற இடமில்லை. அவளைக் கூப்பிட்டு அதைத் தூக்கிப்போடச் சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டேன், சிரித்தாள்.

வேதமணி

விமான் நகர்
19 மே 2025

மதிப்பிற்குரிய டீச்சரம்மாவுக்கு,

நீ அனுப்பிய மார்க் ஷீட் கிடைத்தது. வழக்கம்போல ஃபெயில். ஸ்தோத்திரம்.

உன் பள்ளிக்கூடத்து கெமிஸ்ட்ரியைப் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள். என் கடைக்கு ஐ.டி. பையன்கள் வருகிறார்கள், ஜிம் டிரெய்னர்கள் வருகிறார்கள். அதே சிவப்பு டப்பாவைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஒருத்தனும் சாகவில்லை.

கூட இருக்கிற பசங்களுக்கு முன்னால் கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்க முடியாமல் அவமானப்பட்ட அன்றைக்கு அவள் யாரைக் கூப்பிட்டு அழுதாள்? என்னை. உன்னைக் கூப்பிடவில்லை. ஏனென்றால் உன்னிடம் இருக்கிற ஒரே மருந்து அவித்த முட்டையும் நேரத்துக்குத் தூக்கமும்.

டாக்டரிடம் காட்டச் சொல்கிறாய். உனக்கு அந்த உலகம் தெரியாது. டாக்டரிடம் எதைக் காட்டினாலும் அவர் எழுதி வைத்துக்கொள்வார். வாயை மூடிக்கொண்டு இருக்கிறவர்கள்தான் பறப்பார்கள்.

நீ முட்டையை அவி. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹெர்பர்ட்

பி.கு. உன் மூட்டு வலிக்கு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். இனாம்தான்.

விஷ்ராந்த்வாடி
23 ஜூன் 2025

டானியாவின் அப்பாவுக்கு,

மூட்டு வலிப் பவுடரைக் கொட்டிவிட்டு அந்த டப்பாவில் துவரம்பருப்பு போட்டு வைத்திருக்கிறேன். மூடி நன்றாக இறுகுகிறது. நீங்கள் இதுவரை விற்றதில் உருப்படியானது அந்த மூடிதான்.

இனி விளையாட்டு இல்லை. டானியா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஒரு கரண்டியில் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டு கரண்டி போட ஆரம்பித்திருக்கிறாள். வியாழக்கிழமையும் அதைக் குடித்துவிட்டு வெயிலில் ஓடியிருக்கிறாள். வயிறு திருகுகிறது என்று காலையில் சாப்பிடவில்லை, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. அப்படியே போய் விமானத்தில் ஏறியிருக்கிறாள். மேலே விமானத்தை ஒருபக்கமாகச் சாய்த்து வேகமாகத் திருப்பும்போது உடம்பின் ரத்தமெல்லாம் கீழே இறங்கப் பார்க்குமாம். அதைத் தாங்கத்தான் இத்தனை பயிற்சி. தண்ணீர் வற்றிய உடம்பு எப்படித் தாங்கும்? நெஞ்சு படபடவென்று அடித்து, ஓரத்திலிருந்து கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த இன்ஸ்ட்ரக்டர் கேட்கக் கேட்க இவளிடமிருந்து பதில் இல்லை. அவர்தான் விமானத்தைத் தன் கைக்கு வாங்கி இறக்கினார். அடுத்த வாரம் அவள் தனியாகப் பறக்க வேண்டியவள். அப்போது அந்தப் பின் சீட்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

டாக்டர், “என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டதற்கு, “ஒன்றுமில்லை சார்” என்றிருக்கிறாள். பிறகு உங்களைக் கூப்பிட்டாள். நீங்கள் சொன்னதை அப்படியே என்னிடம் ஒப்பித்தாள். “வெயில்னு சொல்லு. டப்பாவை டாய்லெட்ல கொட்டிரு. கடை பேரு மட்டும் வாயில வரப்பிடாது.” பிள்ளை நெஞ்சில் வயரை ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கிறது, உங்களுக்குக் கடைப் பெயர். சபாஷ்.

நான் சொன்னது இதுதான்: “காலையில டாக்டர்கிட்ட டப்பாவைக் குடு. எத்தனை நாள், எத்தனை கரண்டி, எல்லாத்தையும் சொல்லு.”

“அப்பா பேரு வந்துரும்மா” என்று அழுதாள்.

“வரட்டும்” என்றேன்.

வேதமணி

விமான் நகர்
4 ஜூலை 2025

வேதமணிக்கு,

திருப்திதானே? டாக்டர் அவளைப் பறக்கக்கூடாதென்று உட்கார வைத்துவிட்டார். கூடப் படித்தவர்கள் மேலே போகிறார்கள், இவள் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். உன் உண்மை அவளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அது.

பவுடரைச் சோதித்தார்களாம். லேபிளில் இல்லாத ஏதோ ஒரு ஊக்க மருந்து இருந்ததாம். நானா அரைத்தேன்? கம்பெனி சீல் வைத்து அனுப்புகிறான், நான் விற்கிறேன். அந்த டாக்டர் எனக்கே போன் செய்து, “புரோட்டீன் குடிக்கலாம். மற்ற எதுவானாலும் என்னைக் கேட்காமல் அவள் வாயில் போகக்கூடாது. நீங்களும் எதையும் அனுப்பாதீர்கள்” என்று இந்தியில் பாடம் நடத்தினார். வாத்தியார்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.

மெடிக்கல் லீவில் வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளைத் தனியாகக் கடைக்கு அனுப்பு. நான் பேசிச் சரிசெய்துகொள்கிறேன். நீ வராதே.

ஹெர்பர்ட்

விமான் நகர்
15 ஜூலை 2025

மணி,

டானியா உன்னிடம் சொன்னாளா, சொல்லவில்லையா தெரியாது. நானே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். ஜிம் டிரெய்னர் ஜோஷுவாவும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். “சாப்பிட்டியாம்மா?” என்றேன். ஷெல்ஃபிலிருந்து ஒரு சிவப்பு டப்பாவை எடுத்து சீலை உடைத்தாள். ஷேக்கரில் இரண்டு கரண்டி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, என் முன்னால் வைத்தாள்.

“குடிங்கப்பா.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துச் சமாளித்தேன்.

“எனக்கு பிரஷர் இருக்கும்மா.”

“இருந்தா என்னப்பா?”

“இதையெல்லாம் தொடவே கூடாதுன்னு எங்க டாக்டர் சொல்லியிருக்காரு.”

“நீங்களா கேட்டீங்களா?”

“கேக்காம எப்படிம்மா குடிக்கது?”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவள் ஷேக்கரை பேசினில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

மிச்சம் இருந்த சிவப்பு டப்பா எல்லாவற்றையும் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அவளிடம் அதைச் சொல். எந்த ரயிலில் போகிறாள் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஹெர்பர்ட்

விஷ்ராந்த்வாடி
25 ஆகஸ்ட் 2025

ஹெர்பர்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஜூலையிலேயே கிடைத்தது. ரயில் எதுவென்று சொல்ல வேண்டாமென்றாள். நான் சொல்லவில்லை.

டப்பாக்களைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். “கம்பெனிக்காரன் வேற கடைக்கு அனுப்புவாம்மா. வேற யாராவது குடிப்பாங்க” என்றாள். உங்களுக்கு இவ்வளவு வயதாகியும் தோன்றாதது அவளுக்கு உடனே தோன்றியது. நீங்கள் பெரிய தியாகம் போல எழுதியது, சரக்கைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிய கதை.

டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு பேட்ச் பின்தங்கிவிட்டாள். கம்பியில் இப்போது தானாகவே உடம்பைத் தூக்குகிறாளாம், அவித்த முட்டையோடு. போன வியாழக்கிழமை தனியாக விமானத்தை எடுத்துக்கொண்டு போய், ஒரு சுற்றுச் சுற்றி, தனியாகவே இறக்கினாள்.

இதை உங்களிடம் சொல்லச் சொன்னாளா என்று கேட்பீர்கள். இல்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

பதில் எழுத வேண்டாம். பிரஷர் மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேதமணி