செல்விக்கு வாங்கிய மின்சாரக் கார்

பிப். 23, திங்கள்
காலையிலேயே வெயில். ஷோரூமிலிருந்து போன். "சார், உங்க வண்டி வந்துடுச்சு. எப்ப எடுத்துக்கிறீங்க?"
என் மனைவி செல்விக்காகப் பதிவு செய்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு. திரும்பும்போது பஸ்ஸில் அவளால் உட்கார முடியவில்லை. அவள் போய் இன்றோடு பதினெட்டு நாள்.
"நாளைக்கு" என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.
பால் வாங்க மறந்தேன்.

பிப். 24, செவ்வாய்
வண்டி வந்தாயிற்று. வெள்ளை. ஐந்து பேருக்கு இடம். முழு சார்ஜுக்கு 250 கி.மீ. என்று தாளில். ஷோரூம் பெண்: "ஏசி போட்டா 180 தான் வரும் சார்." போதும். சிதம்பரம் போய் வர நூறுக்குள்.
வீட்டில் 15 ஆம்ப் பிளக்கில் செருகினேன். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு. ஏறவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

பிப். 25, புதன்
செல்வியின் தம்பி ரவி வந்தான். வயரிங் வேலை செய்கிறவன்.
"எர்த் சரியில்ல மாமா. அதான் ஏற மாட்டேங்குது."
வாசலில் குழி தோண்டிக் கம்பி இறக்கினான். உப்பு, கரி. மணல் தரை, ஊற்ற ஊற்றத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. மீட்டரிலிருந்து தனி வயர், தனி சுவிட்ச். பச்சை விளக்கு.
"இத வித்துடப் போறீங்களா மாமா?"
"தெரியல."
டீ குடிக்கும்போது அவன் அழுதான். எனக்கு வரவில்லை. அவன் நகத்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப். 26, வியாழன்
15%இலிருந்து 100%. ஏழரை மணி நேரம் பிடித்தது. எங்கும் போகவில்லை.

பிப். 27, வெள்ளி
தேவனாம்பட்டினம் அஞ்சலை அக்கா போன். டயாலிசிஸில் செல்விக்குப் பக்கத்துக் கட்டில். இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள்.
"கார் வந்துடுச்சாமே தம்பி. செல்வி அதையே சொல்லிக்கிட்டு இருக்கும்."
"வந்துடுச்சுக்கா. நீங்க எப்படி இருக்கீங்க?"
"திரும்பி வரச்சொல்ல தல சுத்துது ஜாஸ்தியா. போன வாரம் புதுச்சத்திரத்துல எறங்கி உக்காந்துட்டேன்."
போனை வைத்தேன். துணி துவைத்தேன். சாயங்காலம் நானே கூப்பிட்டேன். "நாளைக்கு காலைல ஆறரைக்கு வர்றேன்க்கா. ரெடியா இருங்க."

பிப். 28, சனி
பனி. ஆலப்பாக்கம் வரை விளக்குப் போட்டு ஓட்டினேன். அக்கா பின் சீட்டில். "வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியல தம்பி."
சிதம்பரத்தில் அதே வார்டு. ஒரு மாத விடுப்பு முடிந்து வந்திருந்த நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "செல்விம்மா எங்க சார்? மெதுவா வர்றாங்களா?"
அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். செல்வி போன அன்று எல்லோருக்கும் போன் செய்தது ரவி. நான் யாரிடமும் சொன்னதில்லை.
"செத்துப் போயிட்டா சிஸ்டர்" என்றேன்.
நாற்காலி போட்டாள். உட்கார்ந்தேன். அழுகை வந்தது. வெகு நேரம்.
பிறகு அக்காவுக்கு ஊசி குத்தும்போது, "கையப் புடிச்சிக்கிறீங்களா சார்?" என்றாள் நர்ஸ்.
எழுந்து அக்காவின் கட்டிலருகே போனேன்.